கார் கதவில் விழுந்த டொக்கு

எங்கள் கார் அடிபட்ட அன்று வீட்டில் எல்லாரையும்விடக் குறைவாக வருத்தப்பட்டவர் அப்பாதான். சொல்லப்போனால் அவர் முகத்தில் லேசாக ஒரு களைகூட இருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் வைத்திருந்து விற்ற பழைய வெள்ளைக் கார் அது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஃபுல் இன்சூரன்ஸ் கட்டி வந்தார். "இந்தப் பழைய வண்டிக்கு இன்னாத்துக்கு இந்தத் தண்டச் செலவு?" என்று என் மாமா, அம்மாவின் தம்பி, வருடம் தவறாமல் கேட்பார். அப்பாவிடம் பதில் இருந்ததில்லை. இப்போது பதில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

அது கரும்பு வெட்டும் காலம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் எங்கள் வீட்டு முனையில்தான் திரும்பும். அதில் ஒன்றின் டிரெய்லர், வேப்பமரத்தடியில் தேமே என்று நின்றிருந்த காரின் பின்கதவை அமுக்கிவிட்டது. சோற்றுத் தட்டைப் பதித்து வைக்கலாம், அந்த அளவுக்குப் பள்ளம். டிராக்டரை ஓட்டியவர் செல்வியின் அப்பா. செல்வி ஐந்தாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள்.

அவர் வண்டியை விட்டு ஓடவில்லை. இறங்கி நேராக அப்பாவிடம் வந்தார்.

"என் தப்புதாங்கண்ணா. நானே சரி பண்ணிக் குடுத்துடறேன். டிங்கரிங் பட்டறைல நாலு வருசம் இருந்தவன் நானு."

"அதெல்லாம் ஒண்ணும் வாணாம். இன்சூரன்ஸ் இருக்கு. கம்பெனிக்காரன் குடுப்பான்" என்றார் அப்பா.

"நான் இடிச்சதுக்கு அவன் இன்னாத்துக்குங்க குடுக்கணும்?"

அப்பா பொறுமையாக விளக்கினார். வருடா வருடம் எல்லாரும் கட்டுகிறார்கள், அடிபட்டவனுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றார். செல்வியின் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் மறுபடியும் முதல் கேள்வியையே கேட்டார்.

இன்சூரன்ஸ் ஆபீசில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இடித்த வண்டி எது, ஓட்டியவர் யார் என்று அதில் கேட்டிருந்தது. அப்பா அழகான கையெழுத்தில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து பார்க்கும்வரை காரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியனுப்பினார்களாம். அதோடு எங்கள் வீட்டில் அந்தப் பள்ளத்தின் ராஜ்யம் கொடிகட்டிப் பறக்க ஆரம்பித்தது. காரைக் கழுவக்கூடாது. பக்கத்தில் பந்து விளையாடக்கூடாது. கோழி ஏறினால் துரத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வருவதுபோல உறவுக்காரர்கள் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, குனிந்து பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சர்வேயரோ இரண்டு வாரமாக நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் செல்வி என் பெஞ்சை விட்டு எழுந்து மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள். மணியடித்த பிறகு அவளை மடக்கிக் கேட்டேன்.

"உங்கப்பா எங்கப்பா பேர எழுதிக் குட்டுட்டாராமே. கம்பெனிக்காரன் வந்து கேஸு கீஸுன்னு ஆச்சின்னா, இனிமே வண்டில ஏறாதன்னு ஓனரு சொல்லிட்டாரு" என்றாள்.

அந்த டிரெய்லருக்குப் பேப்பர் எதுவும் சரியாக இல்லை என்பதும், அந்தப் பயத்தைத்தான் ஓனர் டிரைவர் தலையில் இறக்கி வைத்திருந்தார் என்பதும் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்தில் செல்வி இல்லாத பெஞ்சில் உட்கார அழுகை அழுகையாக வருகிறது என்பதுதான். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "ஃபார்ம்ல கேக்கறான். எழுதாம இன்னா பண்றது?" என்று அவர் என்னையே கேட்டார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. மாமா உள்ளேயிருந்து, "பொழைக்கத் தெரியாத மாதிரி பேசாதீங்க மச்சான்" என்று குரல் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணம். பின்கதவு சரியாக மூடாததால் காரை எடுக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் நான் வாந்தி எடுப்பேன். அதனால் என்னை அத்தையின் பொறுப்பில் விட்டுவிட்டு எல்லாரும் போனார்கள். அத்தை மதியச் சாப்பாடு முடித்துப் படுத்தால் பக்கத்தில் வெடி வைத்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

உச்சி வெயிலில் செல்வியின் அப்பா ஒரு கோணிப்பையோடு வந்து நின்றார்.

"அப்பா இல்லியா பாப்பா? கார் சாவி இருந்தா எடுத்தாந்து குடு. கதவத் தொறந்து உள்பக்கத்துலேர்ந்து தட்டணும்."

அப்பாவின் உத்தரவு எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் பள்ளம் இன்னும் பெரிதாகிவிடக்கூடாது என்பதற்காகத்தான் தொடாதே என்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு பள்ளத்தைப் பள்ளமாகவே பத்திரப்படுத்துவார்கள் என்று பத்து வயதுப் பெண் எப்படி நினைப்பாள்? பள்ளமே இல்லையென்றால் கம்பெனிக்காரர் எழுதுவதற்கும் ஒன்றுமில்லை. ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்தேன்.

அவர் முதலில் காரைக் கழுவினார். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, மரச்சுத்தியால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே நடுவுக்கு வந்தார். பிறகு பட்டி பூசிக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பெயின்ட் அடித்தார். நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். அத்தை புரண்டுகூடப் படுக்கவில்லை.

"எங்க டொக்கு இருந்திச்சின்னு இப்ப காட்டு பாப்பா, பாப்போம்" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் எல்லாரும் வந்தார்கள். அப்பா காரை இரண்டு முறை சுற்றி வந்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்பதான் போன் பண்ணான். நாளைக்குக் காலைல சர்வேயர் கண்டிப்பா வரானாம்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் அத்தையின் முதுகுக்குப் பின்னாலிருந்து சாவி விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அடி விழவில்லை. அடிக்கும் தெம்பு அப்பாவுக்கு இல்லை.

மறுநாள் எட்டு மணிக்கே சர்வேயர் மொபெட்டில் வந்து இறங்கினார். மாமா அதற்குள் செல்வியின் அப்பாவையும் கையோடு அழைத்து வந்திருந்தார். சர்வேயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவைத் தடவிப் பார்த்தார்.

"எங்க சார் அடிபட்டுது?"

"இங்கதாங்க. நேத்து வரைக்கும் இருந்திச்சி" என்றார் அப்பா.

"ஊரே வந்து பாத்துட்டுப் போச்சி சார்" என்று மாமா சாட்சிக்கு நின்றார். பிறகு செல்வியின் அப்பாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், தெருவுக்கே கேட்கும் ரகசியக் குரலில், "டிராக்டரு முனைலதானே நிக்கிது? அதே எடத்துல, நோவாம, லேசா ஒரு இடி இட்ச்சிடு" என்றார்.

"ஒருதபா தெரியாம இட்ச்சேன். தெரிஞ்சி எப்டிங்க இடிக்கிறது?"

சர்வேயருக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. அவர் நல்ல மனுஷர். சரிசெய்த செலவுக்கு பில் இருந்தால் ஆபீசில் பேசிப் பார்க்கலாம் என்றார். எல்லாரும் ஆவலாகச் செல்வியின் அப்பாவைப் பார்த்தோம்.

"நான் இட்ச்சதுக்கு நானே பில்லு போடறதா?" என்றார் அவர். அன்றைக்குத்தான் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்து நான் கேட்டேன்.

அப்பா சர்வேயரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, இழப்பீடு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இவரு பேரு இனிமே எங்கியும் போவாதே சார்?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமாக ஓடினேன். செல்விக்கு எனக்கு முன்பே செய்தி எட்டியிருந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு ஏதாவது பெரிதாகக் கொடுக்க வேண்டும்போல இருந்தது.

"இனிமே பயப்படாத செல்வி. எங்கப்பா உங்கப்பாவ மன்னிச்சி வுட்டுட்டாரு" என்றேன்.

"எங்கப்பாதான் சரி பண்ணிக் குட்டுட்டாரே" என்றாள்.

"ஆமாம், இருந்தாலும் மன்னிச்சிட்டாரு."

செல்வி பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் மூன்றாவது பெஞ்சுக்குப் போனாள். வீட்டுக்கணக்கு போடாமல் வந்திருக்கிறாள், டீச்சர் கண்ணில் படாமல் இருக்கத்தான் பின்னால் போகிறாள் என்று நினைத்தேன். என் நோட்டை எடுத்துக்கொண்டு போய், "பாத்து எழுதிக்கோ" என்று நீட்டினேன்.

அவள் தன் நோட்டைத் திறந்து காட்டினாள். எல்லாக் கணக்கும் போட்டிருந்தாள். பிறகு எதற்கு எழுந்து போனாள் என்று சாயங்காலம் மணியடிக்கிறவரை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.