ஆமிக்குக் கொடுத்த பில்டர்

புளியங்குளத்தில் ஒரு உதிரிப்பாகக் கடையில் கொஞ்சக் காலம் வேலை செய்தேன். பக்கத்து இராணுவ முகாமின் வாகனங்களுக்கு ஒயிலும் பில்டரும் நாங்கள்தான் கொடுத்தோம். ஒருமுறை பில்டர் ஒன்று குறைந்தது. பழையதைக் கழுவி, பெயின்ற் அடித்து, புதுப்பெட்டியில் வைத்தேன்.

"ஆமிக்குத்தானே, இது போதும், காணும்," என்று முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் அந்தக் கடையை விட்டு, வேறு வேலை தேடி ஒட்டுசுட்டான் பக்கம் போனேன். கடும் வறட்சி. வீதியோரம் வெறும் தண்ணிக் கான்களோடு சனம் நின்றது. தாகம் என்றதும் ஒரு அக்கா தன் போத்தலைத் தந்தார். குடித்தேன்.

"உங்களுக்குத் தண்ணி?"

"ஆமியின்ர பவுசர் லொறிதான் தம்பி கொண்டு வாறது. புளியங்குளத்தில வாங்கின பில்டர் பழசாம், எஞ்சின் இறுகிப்போச்சு. மூண்டு நாளாக் காத்திருக்கிறம்."

முகாமுக்குப் போவது முகாமோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். போத்தலில் ஒரு மிடறுதான் மிச்சம். வாய் திறக்காமல் அதைத் திருப்பிக் கொடுத்ததுதான் இன்னும் உறுத்துகிறது.