பூட்டிய அறைக்கு மூன்று விலை

கேப் கோஸ்ட் லாரி ஸ்டாண்டில் ரொட்டி விற்கும் அராபா எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கை காட்டுகிறவர் கையோடு சிரித்தும் வைப்பார். தலையில் ரொட்டிப் பெட்டியோடு வேன் ஜன்னலருகே போவாள், பணத்தை வாங்குவாள், ரொட்டியைக் கொடுப்பாள். அப்புறம் பாலைவனத்துக் காற்று அள்ளி வந்து கடல் பக்கம் மேலே மிதக்கவிடுகிற ஹர்மட்டான் புழுதியைப் பார்த்தபடி நின்றுவிடுவாள். வேன் நகரும், மீதிச் சில்லறை கேட்டுப் பயணி கத்துவான், அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்த உலக ஞாபகம் வரும். பாதிப் பேருக்கு ஓடிப்போய்க் கொடுப்பாள். மீதிப் பேருக்கு அடுத்த வேன் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புவாள். "அராபா இங்க நிக்கிறா, அவ மனசு தகோராடி வண்டியில ஏறிப் போயிருச்சு" என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அது மாறவில்லை. ஆனால் அவள் காசை அமுக்கிக்கொண்டாள் என்று அந்த ஸ்டாண்டில் ஒரு வாய் கூடச் சொன்னதில்லை. அதைச் சொல்ல அவளுடைய சொந்தக் குடும்பம்தான் வர வேண்டியிருந்தது.

அவர்களுடைய குடும்ப வீடு மேட்டுத் தெருவில் இருக்கிறது. மண்சுவர், அதன் மேல் சிமெண்டுப் பூச்சு, மாடி, தகரக்கூரை. வீடு முழுக் குடும்பத்துக்கும் சொந்தம், ஆனால் முழுக் குடும்பமும் அக்ராவிலும் குமாசியிலும் கடல் கடந்தும் போய்விட்டது. இருந்தது இரண்டு பேர். மாடியில் கடல் பார்த்த அறையில் அராபா. அதற்கு நேர் கீழே அவளுடைய அக்கா எஃபுவா. அக்கா கடற்கரையில் மீனைப் புகை போட்டு விற்றவள், வாட்டசாட்டமான ஆள், யாருக்கும் பயப்படாதவள். போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

செத்தவருடைய அறையை வருஷச் சடங்கு வரைக்கும் திறக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் கட்டுப்பாடு. துணிமணி, பெட்டி, சட்டி எல்லாம் கிடந்தது கிடந்தபடி இருக்கும். சடங்கு முடிந்த பிறகு குடும்பம் மொத்தமும் நின்று கதவைத் திறந்து, யாருக்கு எது என்று பங்கு போடும். அதுவரைக்கும் அந்நியன் நிழல் கூட உள்ளே விழக் கூடாது. குடும்பத் தலைவர் குவேக்கு மாமா, இவர்களுடைய அம்மாவின் கூடப் பிறந்த தம்பி, தாமே பூட்டைப் போட்டுச் சாவியை அராபாவிடம் கொடுத்தார். சாவி இருப்பதையே மறந்துபோகிற ஆளிடம்தான் சாவி பத்திரமாக இருக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. அராபா அதை ஒரு நாளும் மறக்கவில்லை. பிற்பகலில் ரொட்டி தீர்ந்து வீடு திரும்பி, கென்கி என்கிற புளித்த சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் தின்றுவிட்டுக் கட்டிலில் சாய்வாள். ஜன்னலில் புழுதி வெளிச்சம் பால் மாதிரி நிற்கும். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த அரைத்தூக்கத்தில் கீழேயிருந்து சத்தம் கேட்கும். மரம் மெல்ல முனகுகிற சத்தம், யாரோ கட்டிலில் புரண்டு படுப்பது போல. "எஃபுவா, தூங்கலையா?" என்று தரையைப் பார்த்துக் கேட்பாள். பதில் வராது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முனகல் வரும். அக்கா இன்னும் போகவில்லை, கீழேதான் இருக்கிறாள் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பயமே கிடையாது. ரொட்டி விலை ஏறியது, ஸ்டாண்டில் நடந்த சண்டை எல்லாவற்றையும் கீழே பார்த்துச் சொல்வாள். சொல்லிக்கொண்டே தூங்கிப்போவாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் வெளிச்சுவரின் மூலையில் விரிசல் விழுந்தது. குடும்பக் கூட்டம் கூடியது. வீட்டை இடித்துவிட்டு விடுதி கட்ட மனையை வாங்கிக்கொள்கிறேன் என்று அக்ராக்காரர் ஒருவர் ஏற்கெனவே மாமாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். குடும்பத்தில் பாதிப் பேருக்கு அந்த யோசனை இனித்தது. வெளியூரில் இருக்கிறவர்களுக்கு என்ன, வீடு போனால் காசு வரும். அராபாவுக்கு வீடு போனால் படுக்க இடமில்லை, பேச அக்காவும் இல்லை.

மாமா கறாரான மனிதர், ஆனால் நெஞ்சில் ஈரம் உள்ளவர். "மூணு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு மூணு கொட்டேஷன் வாங்கிட்டு வா, மருமகளே. நியாயமான தொகைன்னா எல்லார்கிட்டயும் பிரிச்சு வாங்கி, மழைக்கு முன்னால வேலையை முடிச்சிருவோம். இல்லைன்னா மனையைக் கொடுத்துற வேண்டியதுதான்" என்றார்.

முதலில் வந்தவர் டாச்சி. இந்த ஊர்க்காரர், எஃபுவாவின் சாவுக்கு வந்து மண் தள்ளியவர். வீட்டைச் சுற்றி வந்தார், பூட்டிய கதவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி ஏதோ முணுமுணுத்தார், அப்படியே அடுத்த அறைக்குப் போய்விட்டார். இரண்டாவது ஆள் அக்ராவிலிருந்து வந்த லார்டே, கறுப்புக் கண்ணாடியும் அளவு நாடாவுமாக. பூட்டிய கதவைத் தட்டி, "இது என்ன அறை?" என்றார். "அதைப் பாக்கக் கூடாது" என்றாள் அராபா. லார்டே கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது அல்ஹசன், டமாலேயிலிருந்து பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மேஸ்திரி. அவன் வந்த நேரத்தில் கடற்கரையில் இருக்கிற பழைய கோட்டைக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அவன் என்ன கேட்டான், தான் என்ன சொன்னோம் என்பது அராபாவுக்குச் சத்தியமாகத் தெரியாது.

கொட்டேஷன்கள் வந்தன. கூட்டத்தில் மாமா மூன்றையும் படித்தார். படித்துவிட்டு முதலிலிருந்து திரும்பப் படித்தார். டாச்சி போட்டது போல நாலு பங்கு லார்டே போட்டிருந்தார். அல்ஹசன் நடுவில் நின்றான். ஒரே வீடு, ஒரே விரிசல்.

"இந்த லார்டே கேக்குற காசுக்குப் பக்கத்துல இன்னொரு வீடே கட்டிரலாம்" என்று ஒருவர் தொடங்கினார். குமாசியிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகன் குரலைத் தாழ்த்தவே இல்லை. "காண்ட்ராக்டருங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினது யாரு? அராபா. அவளுக்கு இதுல ஒரு பங்கு இருக்கும். ரொட்டி விக்கறதுல அவளுக்கு என்ன பெருசா வந்துரும்?"

முப்பது வருஷம் வேனுக்குப் பின்னால் ஓடி ஓடிச் சில்லறை கொடுத்தவளைப் பார்த்து இப்படி ஒரு பேச்சு. மாமா கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். "அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பக் கூடுவோம். அதுக்குள்ள இந்த மூணு தொகைக்கும் காரணம் எனக்குத் தெரியணும் அராபா. தெரியலைன்னா மனை போயிரும். அப்புறம் நான் என்ன நினைச்சாலும் தடுக்க முடியாது."

அராபா மூன்று பேரையும் ஒரே காலையில் வரச்சொன்னாள். ஒருவன் வருவது இன்னொருவனுக்குத் தெரியாது. முற்றத்தில் பார்த்துக்கொண்டதும் மூன்று முகமும் சுருங்கியது.

"உங்கள்ல யாரு பொய் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"நான் ஏன்மா பொய் சொல்றேன்?" என்றார் லார்டே. "ஒரு வீட்டுல ஒரு அறையைப் பாக்கவே கூடாதுன்னு சொன்னா, உள்ள யானை செத்துக் கிடக்குதுன்னுதான் நான் நினைப்பேன். மேல்மாடி உத்தரம் அந்த அறையோட வெளிச்சுவர்மேலதான் உக்காந்திருக்கு. சுவர் மொத்தமும் போயிருந்தா என்ன செலவோ அதை அப்படியே போட்டேன். பாக்காத வேலைக்குக் கம்மியா எழுதிட்டு, கடைசியில என் பொண்டாட்டி நகையை வித்து முடிச்ச வேலை ரெண்டு இருக்கு. மூணாவது வேண்டாம்."

டாச்சி முறைத்தார். "செத்தவங்க அறையை எட்டிப் பாக்குற பழக்கம் எங்க ஊர்ல இல்ல. பாக்காததுக்குக் காசு போடுறதும் இல்ல. அதை நான் கணக்குலயே சேக்கல."

"அப்ப அந்தச் சுவரை யாரு சரி பண்ணுவா? செத்தவங்களே எந்திரிச்சு வந்தா?" என்றார் லார்டே.

"வாயைக் கழுவுயா."

அல்ஹசன் தலையைச் சொறிந்தான். "அக்கா, அந்த அறை எப்படியிருக்குன்னு உங்ககிட்டக் கேட்டேனே. எல்லா அறையும் ஒரே மாதிரிதான்னு சொன்னீங்க. அதனால பக்கத்து அறைக்கு என்ன செலவோ அதையே இதுக்கும் போட்டேன்."

"நானா சொன்னேன்?"

"நீங்கதான். வானத்தைப் பாத்துக்கிட்டே சொன்னீங்க."

அராபா சமையலறைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரில் யாரும் திருடன் இல்லை. பார்க்காத ஒரு சுவருக்கு ஒருவர் ஒன்றுமே போடவில்லை, ஒருவன் பக்கத்து அறையின் விலையைப் போட்டான், இன்னொருவர் தம் பயத்தின் விலையைப் போட்டார். வித்தியாசம் முழுக்க அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதன் சாவி அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது.

வருஷச் சடங்குக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் மழை வந்துவிடும், அதற்கும் முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். கட்டுப்பாட்டை மீறினால் குடும்பம் சும்மா விடாது. அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். அதற்கப்புறம் பிற்பகலில் அவள் யாரோடு பேசுவாள்? மூன்று ஆண்களும் அவளை அவசரப்படுத்தவில்லை. பிறகு எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தாள்.

உள்ளே புகைமீன் வாசனை அடைத்துக்கொண்டு கிடந்தது. திறந்த கதவு வழியே வந்த வெளிச்சத்தில் தூசி மிதந்தது. கட்டில் சுவரோரம் இல்லை, அறையின் நடுவுக்கு இழுக்கப்பட்டிருந்தது. வெளிச்சுவர் முழுக்க மேலிருந்து கீழ்வரை சாவு வீட்டுக்குக் கட்டிப்போகிற கறுப்பு, சிவப்புத் துணிகள் ஆணியடித்துத் தொங்கின. லார்டே ஒரு துணியை விலக்கினார். விரலை வைத்தார். விரல் நனைந்த ரொட்டிக்குள் போவது மாதிரி உள்ளே போனது. கூரைத் தண்ணீர் வருஷக்கணக்காகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது, வெளியே சிமெண்டுப் பூச்சு அதைக் காட்டிக்கொடுக்காமல் மூடி வைத்திருக்கிறது.

"இதைப் பாருங்க" என்றான் அல்ஹசன்.

கட்டிலையொட்டி ஒரு பலகை நின்றது. பழைய மீன்பிடிப் படகின் பக்கப் பலகை, அங்கங்கே நீலச் சாயம் உரிந்து கிடந்தது. அடியில் மரத்துண்டுகளைச் செருகி இறுக்கி, மேல் உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தது. அல்ஹசன் அதைத் தொட்டான். மரம் மெல்ல முனகியது.

அந்தச் சத்தம் அராபாவுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"மேல உங்க கட்டில் எந்தப் பக்கம் அக்கா?"

அவள் தலையை உயர்த்தி உத்தரத்தைப் பார்த்தாள். "இதுக்கு நேர் மேல."

டாச்சி தொப்பியைக் கழற்றினார். "இந்தச் சுவர் உத்தரத்தைத் தாங்கி ரொம்ப நாளாச்சு. இந்தப் பலகைதான் உன்னைத் தாங்கிக்கிட்டு இருக்கு, தங்கச்சி. தனியாளா எப்படி நிறுத்தினாளோ."

கடைசி இரண்டு வருஷம் எஃபுவா அவளை அறைக்குள் விட்டதே இல்லை. வாசலிலேயே மறித்து நின்று, "போடி, எனக்குத் தூக்கம் வருது" என்று துரத்துவாள். அக்காவுக்கு வயசாகிறது, எரிச்சல் வருகிறது என்று அராபா நினைத்துக்கொண்டாள். சுவர் கரைகிறது என்று வெளியே சொன்னால் மாடி ஆபத்து என்று முதலில் தங்கையைத்தான் கிளப்புவார்கள், அப்புறம் வீட்டையே விற்பார்கள் என்று எஃபுவாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் துணியைத் தொங்கவிட்டு, பலகையை நிறுத்தி, அதன் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். அராபா நீலச்சாயம் போன அந்தப் பலகையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "லூசு, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் முற்றத்தில் உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். டாச்சியின் தொகை ஏறியது, அல்ஹசனுடையதும் ஏறியது, லார்டேயுடையது இறங்கியது. மூன்றும் தொட்டுக்கொள்கிற தூரத்தில் வந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை மாமா அவற்றைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அல்ஹசனுக்கு வேலை என்று முடிவானது, ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்தார்கள். குமாசி அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் மாமா தொண்டையைக் கனைத்தார். "வீடு நிக்கும். சரி. ஆனா சடங்குக்கு முன்னால கதவைத் திறந்தது யாரு?"

"நான்தான் மாமா."

"கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒரு செம்மறியாடும் ஒரு புட்டி சீமைச்சாராயமும் அபராதம். தலைவன்ங்கற முறையில சொல்றேன், மனசு வச்சுக்காத."

"தர்றேன் மாமா. ரெண்டு ஆடாக் கூடத் தர்றேன்" என்றாள் அராபா. "ஆனா இப்பத் திறந்ததுக்குன்னு போடாதீங்க. அவ உயிரோட இருந்தப்ப, வாசல்ல மறிச்சு நின்னப்ப, அவளைத் தள்ளிட்டு உள்ள போகாம விட்டேனே, அதுக்குப் போடுங்க."

அராபா கூட்டத்தின் நடுவிலேயே தரையில் உட்கார்ந்தாள். அக்காவுக்காக அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான்.