ஒரு தாளளவு உயரம்

எசன் நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். முப்பது வயதுக்குள்ளேயே இரு கண்ணிலும் பார்வையை இழந்தவர். தமிழில் கதை எழுதுவார். எனக்குக் கணினி திருத்தும் கடையில் வேலை.

அவருடைய பழைய கணினி ஒருநாள் நின்றுபோனது. புதியதொன்றைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. திரையில் இருக்கும் வரியைப் பிரெய்ல் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பட்டை ஒன்று அவரிடம் இருந்தது. மிகப் பழையது. அதன் வயரைச் செருக புதிய கணினியில் இடமில்லை. அந்த வகைத் துளையுள்ள ஒரு கார்டை கணினிக்குள் இருக்கும் தாய்ப்பலகையான மதர்போர்டில் பூட்டினால் சரி, பத்து நிமிட வேலை என்று சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை காலை போனேன்.

பிற்பகல் மூன்று மணிக்கும் அங்கேதான் இருந்தேன். அப்படியொரு கார்ட் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. கழற்றி மீண்டும் செருகி, ஸ்குரூவால் பெட்டியோடு பூட்டினேன். கார்ட் செருகும் பக்கத்துப் பிளவில், அதாவது ஸ்லொட்டில், போட்டேன். கார்டின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் துடைத்தேன். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில் பக்கம் பக்கமாகத் தேடினேன். கீழே என் வீட்டுக்குக் கொண்டுபோய் என் கணினியில் செருகிப் பார்த்தால் உடனே வேலை செய்தது. அப்படியானால் பிழை மதர்போர்டில்தான்.

"திருப்பி அனுப்பத்தான் வேணும் அக்கா. ரெண்டு கிழமை செல்லும்."

எழுதியதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள் அவரிடம் இருந்தது. ஆனால் அது ல, ள, ழ எல்லாவற்றையும் ஒரே மாதிரித்தான் சொல்லும். கேட்பது வேறு, வாசிப்பது வேறு என்பார்.

"நான் ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டோ தம்பி?"

உண்மையில் எனக்கு விருப்பமில்லை. என்றாலும் மின்வயரைக் கழற்றி, கையில் நிலைமின் இருந்தால் போகட்டும் என்று முதலில் பெட்டியின் இரும்பைத் தொடச் சொல்லி, பிறகு அவருடைய கையைக் கார்டின் மேல் வைத்தேன். விரல்நுனிகள் அதன் விளிம்பு நெடுகப் போய்த் திரும்பி வந்தன.

"இது நேராயோ நிக்க வேணும்?"

"ஓம் அக்கா. நேராத்தான் நிக்குது."

"இல்லை. ஸ்குரூ இருக்கிற பக்கம் அமர்ந்து கிடக்கு. மற்றப் பக்கம் எழும்பி நிக்குது. ஒரு தாளளவு."

டோர்ச் அடித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது.

"அந்த ஸ்குரூவைக் கழட்டிப்போட்டுத் திரும்ப முறுக்கும், பாப்பம்," என்றார், விரலை எடுக்காமலே.

கழற்றி, கார்டை நன்றாக அழுத்தி, முறுக்கினேன். கடைசிச் சுற்றில் அவர் சத்தம் போட்டார். "இந்தா, இப்ப எழும்புது!"

மீண்டும் கழற்றிப் பார்த்தேன். கார்டைப் பெட்டியோடு பிடித்துவைக்கும் தகரத் தகடு சற்று வளைந்திருந்தது. ஸ்குரூவை இறுக்கும்போது அது ஒரு முனையைக் கீழே இழுத்து, மறுமுனையை ஸ்லொட்டை விட்டுக் கிளப்பியது. என் வீட்டில் அவசரத்தில் ஸ்குரூ பூட்டாமலே சோதித்திருந்தேன். காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் சரியாகச் செருகி, ஒவ்வொரு தடவையும் என் கையாலேயே கிளப்பியிருக்கிறேன்.

குறட்டால் தகட்டை நிமிர்த்திப் பூட்டினேன். கணினியைப் போட்டதும் கார்டின் பெயர் கணினியின் கருவிப் பட்டியலில் வந்தது. பட்டையின் வயரைச் செருகி, அவர் அந்தக் கிழமை குரலை மட்டும் கேட்டு எழுதிய கதையைத் திறந்தேன். சின்னச் சரசரப்போடு புள்ளிகள் எழும்பின. இரண்டு கைகளும் அவற்றின் மேல் ஓடின. திடீரென்று சிரிக்கத் தொடங்கினார்.

"ஐயோ தம்பி, வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தது எண்டதை வெல்லம் வந்தது எண்டெல்லோ எழுதி வச்சிருக்கிறன்!"

பிறகு நான் இருப்பதையே மறந்து வாசித்துக்கொண்டு போனார். ஒரு வரி முடியப் புள்ளிகள் அமரும், அடுத்த வரி எழும்பும், விரல்கள் அதற்கு முன்பே அங்கே காத்திருக்கும். அவரைக் கேட்டுவிட்டு நானும் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். மணலைத் தொட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான். அந்த மணலில் அவர் ஒரு வீட்டையும் அதற்குள் புகுந்த வெள்ளத்தையும் வாசித்துக்கொண்டிருந்தார்.