மழைராசு என்கிற பெயர்

என் இரண்டாவது மகன் பிறந்த அன்று மதியம், திருப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் மாடி அறையில், நர்ஸம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு, "பேரு முடிவு பண்ணிட்டீங்களா, இல்ல அப்பறமா எழுதிக்கறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் அப்புறம் என்றுதான் சொல்வார்கள். நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த என் வீட்டுக்காரர், "மழைராசு" என்றார். யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒருவருடைய பெயரைச் சொல்வதுபோல் சொன்னார். நர்ஸம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

காரணம் இருந்தது. மூத்தவனுக்குப் பெயர் வைக்க நான் மூன்று மாதம் அலைந்தேன். ஜோசியரிடம் எழுத்து வாங்கி, செல்போனில் தேடி, கூட்டுத்தொகை பார்த்து, கடைசியில் 'ஷ்' என்று முடிகிற ஒரு பெயரைப் பிடித்தேன். அந்த மூன்று மாதத்தில் இவர் ஒரு எழுத்துகூடச் சொன்னதில்லை. "உனக்குப் புடிச்சா எனக்கும் சரி" என்பார், அவ்வளவுதான். தன் சட்டையைக்கூட என்னையே எடுக்கச் சொல்கிற மனிதர். பெருமாநல்லூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே இருக்கிற இரைச்சலுக்குச் சேர்த்து வீட்டில் மௌனமாக இருப்பார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து, யாரும் கேள்விப்படாத ஒரு பெயர், தயாராக வந்து விழுந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். என் பிழைப்பே அது. பனியன் கம்பெனியில் நான் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வருகிற டீ-ஷர்ட்டை வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை என்று தேட வேண்டும். குறை இருக்கிறது என்று நம்பித்தான் ஒவ்வொரு துணியையும் எடுப்போம். பதினோரு வருடம் அப்படிப் பார்த்த கண் வீட்டுக்கு வந்ததும் மாறிவிடாது.

வீடு திரும்பிய அன்று இன்னொன்று நடந்தது. என் மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். மாமியாரை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அந்தம்மா இறந்துவிட்டார். இவர் ஒரே பிள்ளை என்று சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அன்று மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் குழந்தையை மடியில் வைத்தபடி அந்தப் பெயரைச் சொன்னார். மாமனாரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பாதி சாப்பிட்ட தட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவினார்.

"வேற பேரு பாக்கலாம்" என்றார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

இவர் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவர்கள் இருவருக்கும் தெரியும் என்பது அந்த நிமிடத்தில் உறுதியாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து, என் கம்பெனி சூப்பர்வைசர் அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். திருநெல்வேலிப் பக்கம். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். விஷயத்தைக் கேட்டதும் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினார். "இந்தா பாரு, சொல்லுதேன்னு கோவிச்சுக்காத. ஆம்பளைக்குத் தானா பேரு தோணாது. எங்கயோ யாரையோ அப்படிக் கூப்புட்டுக் கேட்டிருக்காரு" என்றார்.

அந்த 'எங்கயோ' எனக்குள் கிடந்து புரண்டது. அப்போதுதான் தேங்காய் ஞாபகம் வந்தது. மாதம் ஒரு ஞாயிறு இவர் பைக்கை எடுத்துக்கொண்டு கொமரலிங்கம் போவார். தெற்கே அமராவதி ஆற்றங்கரை ஊர். மாலையில் ஒரு சாக்கில் பத்துப் பதினைந்து தேங்காயோடு திரும்புவார். "அந்த ஆத்துத் தண்ணிக்குத் தேங்கா நல்லா இருக்கும்" என்பார். திருப்பூரில் தேங்காய் கிடைக்காதா என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. கண்ணெதிரே இருந்த ஓட்டையை இத்தனை வருடம் நான் பார்க்கவே இல்லை.

இவருடைய செல்போனில் 'கொமரலிங்கம் தேங்காய்' என்று ஒரு எண் இருந்தது. அன்று ராத்திரி குறித்து வைத்தேன். மறுநாள் அக்காவை வரச்சொல்லி, அவர் போனிலிருந்து அடித்தோம். ஒரு பெண் எடுத்தாள். இளம் குரல். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, அங்கே இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அண்ணனுங்களா? போன ஞாயித்துக்கெழமதானுங்க வந்துட்டுப் போனாரு. பாப்பாவுக்கு கவுன் கூட எடுத்துட்டு வந்தாருங்க. நீங்க யாருங்க பேசறது?"

வைத்துவிட்டேன். 'அண்ணன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் என் காதில் தங்கியது குழந்தை அழுகையும் கவுனும்தான். அக்கா என் முதுகில் கை வைத்தார்.

மறுநாள் காலை இவர் வேலைக்குப் போனபின், மாமனார் முன்னால் போய் நின்றேன். "மாமா, கொமரலிங்கத்துல இருக்கறது யாருங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவன் சொல்லிப்போட்டானா?"

"சொல்லிட்டாருங்க" என்று பொய் சொன்னேன். மீதியை வாங்க வேறு வழி தெரியவில்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் என்ன பண்றது அம்மிணி? சின்னவன் பொறந்து எட்டு மாசம். உன்ற மாமியாளுக்கு நெஞ்சுல நோவு, எந்திரிக்கவே முடியல. கைப்புள்ளைய யாரு பாக்கறது? சொந்தத்துல புள்ளையில்லாதவங்க இருந்தாங்க. ஆறு மாசம் வெச்சிருங்கன்னுதான் குடுத்தேன். திருப்பிக் கூட்டிட்டு வரலாமுன்னு போனா, அந்தம்மாளைப் பாத்து அம்மாங்கறான். புடுங்கிட்டு வர மனசு வல்ல. இவ சாவற மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தா."

"அப்ப மழைராசுங்கறது?"

"அவ வெச்ச பேரு. காஞ்சு கெடந்த வருசம். அவன் பொறந்த அன்னைக்கு மழை. ஜோசியம் கேக்காம, ஒருத்தரையும் கேக்காம அவளே வெச்சா. அவங்க கொண்டுபோயி வேற பேரு வெச்சுட்டாங்க. புள்ளைய மட்டும்தான் கொண்டு போனாங்க. பேரு இங்கயே கெடந்துருச்சு. இந்த ஊட்டுல அதை இனிச் சொல்லக் கூடாதுன்னு பெரியவன்கிட்ட நான்தான் சொன்னேன். அப்ப அவனுக்கு ஏழு வயசு."

வளர்த்த அம்மாள் இன்னும் இருக்கிறாராம். அவர் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பிள்ளையிடம் எதுவும் சொல்வதில்லை என்று மாமனார் கொடுத்த வாக்கு. அதனால்தான் என் வீட்டுக்காரர் தன் சொந்தத் தம்பியிடம் தேங்காய் வாங்குகிறவராகப் போய் நின்றிருக்கிறார். எட்டு வருடமாக.

மலை போன்ற ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியதும் அழுகைதான் வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். தூக்கிக் கொடுத்துவிட்ட ஒரு பிள்ளையின் பெயரை என் பிள்ளைக்கு வைப்பதா? அன்று சாயங்காலம் இவர் வந்ததும் கேட்டேன். "உங்களுக்குத் தம்பி வேணும். எனக்கு மகன் வேணும். இவனை மழைராசுன்னு கூப்புடறப்ப நீங்க யாரைக் கூப்புடுவீங்க?"

"எனக்குத் தெரியல" என்றார். பிறகு, "அவங்க கார்ல ஏத்தறப்ப பேரு சொல்லிக் கூப்புட்டேன். திரும்பிப் பாத்தான். அதுக்கப்பறம் அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்ல. அம்மா வெச்சது. யாருமே இல்லாம அப்படியே கெடக்குது" என்றார். திருமணமாகிப் பத்து வருடத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நான்கு நாள் நான் அவரோடு பேசவில்லை. குழந்தையை யாரிடமும் கொடுக்கவும் இல்லை. பக்கத்து வீட்டம்மா கை நீட்டினால்கூட, "பால் குடிக்கற நேரமுங்க" என்று உள்ளே தூக்கிப் போய்விடுவேன். இந்த வீட்டில் ஒரு இரண்டாவது பிள்ளைக்கு நடந்தது இன்னொரு இரண்டாவது பிள்ளைக்கு நடக்காது என்று யார் சொன்னது? மூளைக்குத் தெரியும், இது கிறுக்குத்தனம் என்று. கைக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் நானே முடிவு சொன்னேன். அந்தப் பெயர் இருக்கட்டும். ஆனால் இரண்டு விஷயம். குழந்தையின் காதில் பெயரை மாமனார்தான் சொல்ல வேண்டும். கொமரலிங்கத்துக்காரர் குடும்பத்தோடு பெயர் வைக்கிற அன்றைக்கு வர வேண்டும். மாமனார் முகம் வெளிறிவிட்டது. "நான் ஒண்ணும் சொல்லிட மாட்டேனுங்க மாமா. நான் அவரைப் பாக்கோணும், அவ்வளவுதான்" என்றேன். கேட்ட எதையும் முழுதாக நம்ப முடியாமல் இருந்தது. கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தீரும்.

அவர் வந்தார். மனைவியும், கவுன் போட்ட பெண் குழந்தையும் கூட வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, அதே நெற்றி, அதே காது மடல், சிரிக்கும்போது ஒருபக்கம் இறங்குகிற அதே உதடு. உறவினர்கள் யாருக்கும் ஏன் தெரியவில்லை என்று எனக்கு ஆச்சரியம். மாமனார் முப்பது வருடத்துக்குப் பிறகு அவரைப் பார்க்கிறார். கையைக் கூப்பி, "வாங்க" என்றார். பெற்ற பிள்ளைக்கு 'ங்க' போட்டு.

பெயர் சொல்கிற நேரம் வந்தது. மாமனார் குழந்தையின் காதருகே குனிந்தார். முதல் தடவை குரலே வரவில்லை. இரண்டாவது தடவை காற்று மாதிரி வந்தது. மூன்றாவது தடவை, அறையில் இருந்த இருபது பேருக்கும் கேட்கிற மாதிரி, "மழைராசு" என்றார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோரும் ஒவ்வொருவராகக் குழந்தையை வாங்கிப் பார்த்தார்கள். கொமரலிங்கத்துக்காரரும் கை நீட்டினார். என் கை ஒரு நொடி இறுகியது. பிறகு கொடுத்தேன். அவர் குழந்தையை மார்போடு வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். தானாகவே கொண்டுவந்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான், பிள்ளை பிறந்ததிலிருந்து விடாமல் இறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று என்னுள் தளர்ந்தது.

அவர் மாமனார் பக்கம் திரும்பினார். "நல்ல பேருங்க. யாருங்க வெச்சது?"

மாமனார் அவர் முகத்தையே பார்த்தார். "என்ற ஊட்டுக்காரிங்க" என்றார்.

இப்போது மழைராசுவுக்கு நான்கு வயது. வளர்த்த அம்மாள் நன்றாக இருக்கிறார். வாக்கும் அப்படியே இருக்கிறது. நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் சந்தேகம் முழுதாகப் போய்விடவில்லை, வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இந்தப் பெயரைக் கேட்ட அத்தனை பேரும், பள்ளிக்கூடத்து டீச்சர் முதல் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் வரை, அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் கேட்கிறார்கள். யார் வைத்தது என்று இன்றுவரை கேட்டவர் அந்தக் கொமரலிங்கத்துக்காரர் ஒருவர்தான்.