வீட்டுப் பழம் ஒன்றும் செய்யாது

என் மனைவி மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வதில்லை. முழங்கையின் உள்பக்கத்தை வைத்துத்தான். தெருமுனை லேப்பில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. கடைவீதியில் யாராவது, "என்னக்கா, சௌக்கியமா?" என்று கேட்டால் இவளும் சும்மா சிரித்து வைப்பாள். அந்த ஆள் பையைத் தோளுக்கு மாற்றக் கையை மடக்கும்போதுதான் "அட, நீங்களா" என்று குரல் மாறும். என்னையும் அப்படித்தான் பிடித்தாள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு காய்ச்சலோடு போய்க் கையை நீட்டினேன். "நல்ல நரம்பு" என்றாள். என்னைப் பற்றி இன்றுவரை அவள் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான்.

தெருவில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். பெயரில்தான் ஊசி, குத்தினால் தெரியாது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "குத்தப் போறீங்களா?" என்று கேட்பவரிடம், "எடுத்தாச்சு, எழுந்திருங்க" என்பாள். ஒருத்தர் கையில்கூட நீலம் பாய விட்டதில்லை என்பது அவளுடைய கர்வம். வேறு எதிலும் அவள் கர்வப்பட்டு நான் பார்த்ததில்லை. சமையலில் கர்வப்பட நியாயமும் இல்லை. நான் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் செய்பவன். வீட்டின் முன்னறைதான் என் கடை.

வீட்டுக்குப் பின்னால் மூன்று சப்போட்டா மரங்கள். வீட்டை வாங்கும்போதே நின்றுகொண்டிருந்தவை. வருடா வருடம் வௌவாலுக்குப் போக மிச்சத்தை எங்களுக்குக் கொடுக்கும். இந்த வருடம் என்ன வேகமோ, மூன்றும் சேர்ந்து காய்த்துத் தள்ளின. இலையைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

சப்போட்டாவோடு பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதை மரத்தில் பழுக்க விட்டால் வௌவால் முந்திக்கொள்ளும். கல்லாக இருக்கும்போதே பறித்து, மேலே ஒட்டியிருக்கும் பழுப்புத் தூளைத் துணியால் துடைத்து, காற்றுப் படாமல் மூடி வைக்க வேண்டும். சில நாள் ஒன்றும் அறியாத பிள்ளையைப் போலக் கிடக்கும். பிறகு ஒரு காலையில் அத்தனையும் ஒன்றாகப் பழுத்து நிற்கும். அன்றைக்கே தின்று தீர்த்தாக வேண்டும். மறுநாள் அது பழம் இல்லை, பஞ்சாயத்து.

பறிப்பது என் பொறுப்பு. மூங்கில் கம்பின் நுனியில் ஒரு வலைப்பையைக் கட்டிக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு ஏணியில் ஏறுவேன். அவள் கீழே நின்று வழி சொல்லுவாள்.

"இடது பக்கம் பாருங்க. உங்க இடது இல்லை, என் இடது."

பறித்ததை வைக்க வீட்டில் இடம் போதவில்லை. கட்டிலுக்கடியில், துணிப்பெட்டிக்குள், என் ஹெல்மெட்டுக்குள் என்று எங்கும் சப்போட்டா. ரிப்பேர் முடிந்த மிக்ஸியை வாங்கிப்போன ஒரு அம்மா, வீட்டில் போய் ஜாரைத் திறந்தால் உள்ளே நான்கு காய்கள். இலவச இணைப்பு என்று நினைத்து, திரும்பி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பழத்தை நாங்கள் இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து தின்றோம். கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் இரண்டாகப் பிளந்துகொண்டது. மணல் மணலாகச் சதை, நடுவில் பளபளவென்று கறுத்த கொட்டை. சாறு மணிக்கட்டில் வழிந்தது. அவள் கொட்டையைக்கூடச் சப்பிவிட்டுத்தான் துப்பினாள். பழம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தோம்.

அதற்குப் பிறகு தின்றோம், தின்றுகொண்டே இருந்தோம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் அது நழுவும்வரை காத்திருக்க நேரமில்லாமல், நானே கூடையோடு தள்ளி மிக்ஸியை ஓட்டினேன். அவள் ஜாம் காய்ச்சினாள். அது இறுகிப்போய்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. மொட்டைமாடியில் வெட்டிக் காயப்போட்டதை எறும்புகள் ஊர்வலமாக வந்து எடுத்துக்கொண்டு போயின.

அப்போதுதான் அவள் தெருவுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். கொடுக்கிற சுகம் அவளைப் பிடித்துக்கொண்டது. பை பையாக வீடு வீடாகப் போயிற்று. காலிப் பையைத் திருப்பித் தர வந்தவர்கள் நிறைந்த பையோடு திரும்பினார்கள். லேப்பில் ரத்தம் எடுத்ததும் ஒரு கையில் பஞ்சை அழுத்தச் சொல்லி, சர்க்கரை இல்லாதவர்களாக இருந்தால் மறு கையில் ஒரு பழத்தை வைப்பாளாம். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்கள் சப்புக்கொட்டிக்கொண்டு போனார்கள்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் இருக்கிறார். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தே பேர் வாங்கியவர். நல்ல சர்க்கரை வியாதிக்காரர். அந்த வீட்டுக்குப் பை கொண்டுபோனபோது நானும் கூட இருந்தேன்.

"இது பேரப்பிள்ளைங்களுக்கு. சாருக்கு வேண்டாம்மா" என்று அவருடைய மனைவியிடம் சொல்லித்தான் கொடுத்தாள்.

ஹெட்மாஸ்டர் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமல், "எனக்கு இந்தப் பழமே பிடிக்காது" என்றார். கேட்காத கேள்விக்கு இப்படிப் பதில் சொல்கிற பையனை அவர் பள்ளிக்கூடத்தில் சும்மா விட்டிருக்க மாட்டார்.

இதற்குள் தெருவில் ஒரு சித்தாந்தம் பிறந்திருந்தது. வீட்டுப் பழம் ஒன்றும் செய்யாது. கடைப் பழம்தான் மருந்து அடித்தது, அதுதான் சர்க்கரையை ஏற்றும். இது தெரிந்தவர்கள் வீட்டு மரம், கண்முன்னால் காய்த்தது, இது எப்படிக் கெடுதல் செய்யும்? சர்க்கரை இருந்தவர்கள்தான் இதை மனப்பூர்வமாக நம்பினார்கள். அதோடு பண்டத்தை வீணாக்கக் கூடாது என்கிற நல்லெண்ணம் வேறு. வீட்டில் மற்றவர்கள் சலித்துப்போய் விட்ட பழங்களையெல்லாம், சர்க்கரைக்காரர் ஒருவரே தியாக உணர்வோடு தின்று தீர்த்தார்.

மாதாந்திரப் பரிசோதனை வந்தது. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் சர்க்கரை எகிறியிருந்தது. மெஷின் கெட்டுவிட்டதோ என்று பயந்து லேப்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எனக்குத் தெரிந்தது மிக்ஸியும் ஃபேனும்தான். இருந்தாலும் கூப்பிட்ட மரியாதைக்காகப் போய், மூடியைத் திறந்து பார்த்து, ஒரு ஊது ஊதிவிட்டு வந்தேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

ஹெட்மாஸ்டருக்குத்தான் எல்லோரையும்விட அதிகம். டாக்டர் அவரை, "என்ன சார் சாப்பிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. அடுத்த நாள் காலையில் அந்த அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றபோதுதான் அவர் என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

"எதிர்வீட்டம்மா வற்புறுத்திக் குடுத்தாங்க, தட்ட முடியலைன்னு சொல்றாரும்மா. என் முன்னாடி ஒரு மாதிரி, பின்னாடி ஒரு மாதிரியா? உங்களுக்கு எங்க மேல என்ன கோபம்?"

அந்த அம்மா போன பிறகும் என் மனைவி வாசலிலேயே நின்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு. "பழத்தைக் குடுத்து சர்க்கரையை ஏத்த வேண்டியது, அப்புறம் ரத்தத்தை எடுக்க வேண்டியது. நல்லா இருக்கே." என்னையும் விடவில்லை. பாதிப் பேர் கொட்டையோடு பழத்தைப் போட்டு மிக்ஸியைக் கெடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்திருந்தார்கள். "பொண்டாட்டி ரத்தத்துக்கு, புருஷன் மிக்ஸிக்கு. பொருத்தமான ஜோடி" என்று யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. எங்கள் பொருத்தத்தைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ரசிக்க முடியவில்லை.

கொடுத்த பைகள் பழத்தோடு திரும்பி வந்து எங்கள் கேட்டில் தொங்கின. ரத்தம் கொடுப்பவர்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் புதிதாகத் திறந்த லேப்புக்குப் போக ஆரம்பித்தார்கள். லேப்காரர் நல்ல மனிதர். நயமாகத்தான் சொன்னார், "கொஞ்ச நாள் வீட்டுல இருங்கம்மா. பேச்சு அடங்கட்டும்."

அவள் வீட்டுக்கு வந்து வெள்ளைக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"காய்ச்ச மரந்தான் கல்லடி படும்."

"கல்லு மரத்து மேலயா விழுது?" என்றாள். கோட்டைப் பார்த்தபடியே, "எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு சொல்லட்டும், வாய் ஜாஸ்தின்னு சொல்லட்டும். வேணும்னே கெடுத்துட்டேன்னு சொல்லிட்டாங்களே. இனிமே எவன் என்னை நம்பிக் கையை நீட்டுவான்?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தின்னும்போது இனித்தது, பழி மட்டும் எங்களுக்கா? தெருவில் யாரைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு காய்கூடப் பறிக்கக் கூடாது என்று அவள் உத்தரவு போட்டாள். பழங்கள் தானாக விழுந்து, வெடித்து, கொல்லைப்புறம் கள்ளுக்கடை போல நாறியது. வௌவால்கள் உறவினர்களையும் அழைத்து வந்தன.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. மண்டையைப் பிளக்கிற வெயில். ஆனால் தெருவில் பாதிப் பேர் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானும் மாட்டியிருந்தார்கள். பெண்கள் முந்தானையால் கையைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். கொசுத் தொல்லை என்றுதான் நினைத்தேன். பால்காரர் எங்கள் வாசலில் கேனைத் தூக்கும்போது அவருடைய சட்டைக்கை மேலேறியது. முழங்கை மடிப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பெரிய திட்டு.

"என்னய்யா இது?"

அவர் அவசரமாகக் கையை இறக்கினார். "பஸ் ஸ்டாண்ட் லேப்புல எடுத்ததுங்க. நரம்பு கிடைக்கலையாம், உள்ளயே விட்டுத் தேடினாங்க. அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

உள்ளே போய் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். நன்றாக வேண்டும் இவர்களுக்கு என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"எந்தக் கையில? வீக்கம் இருக்கா? ஐஸ் வைக்கச் சொன்னீங்களா?"

இவளை வைத்துக்கொண்டு ஒருத்தன் நிம்மதியாகப் பழிவாங்கக்கூட முடியாது.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, விடிந்ததும் கேட்டில் ஹெட்மாஸ்டர் நின்றார். முழுக்கைச் சட்டை, வெறும் வயிறு. உள்ளே வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள்தான் வெளியே போனாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட ரிப்போர்ட் காட்டணும்மா" என்றார். அதற்கப்புறம் கேட்டுக் கம்பியைப் பார்த்துப் பேசினார். "நீங்க பேரப்பிள்ளைங்களுக்குன்னுதான் குடுத்தீங்க. அதுங்களுக்கு ஒண்ணுகூடப் போகலை. டாக்டர் கேட்டப்ப அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தா. பயந்துட்டேன்."

ஊரையே நடுங்க வைத்தவர். என் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன், அந்த நாலும் என்னிடம் தயாராக இருந்தன.

"உள்ள வந்து உட்காருங்க சார். சட்டையை மடிங்க" என்றாள்.

இரண்டு கையும் நீலம். அவள் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தேடினாள். அவருடைய நரம்பு கடைசி பெஞ்சுப் பையனைப் போல எப்போதும் ஒளிந்துகொள்ளும் என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்க வைத்திருந்த பையிலிருந்து ஊசியை எடுத்தவள், குத்தாமல் கீழே வைத்து, மறுபடியும் எடுத்தாள். அவள் அப்படித் தயங்கி நான் பார்த்ததே இல்லை.

குத்தினாள். ரத்தம் வரவில்லை. வெளியே எடுத்து, பக்கத்தில் குத்தினாள். அங்கும் இல்லை. ஹெட்மாஸ்டர் முகத்தை மேலே ஃபேனைப் பார்க்கத் தூக்கி வைத்திருந்தார். தரையில் அவருடைய கால்விரல்கள் மடங்கிக்கொண்டதை நான்தான் பார்த்தேன். மூன்றாவது இடத்தில் கிடைத்தது.

பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரையும் கேட்க வேண்டியிராத ஒன்றைக் கேட்டாள்.

"வலிச்சுதா சார்?"

ஹெட்மாஸ்டர் தலையை இறக்கினார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"எடுத்தாச்சா? தெரியவே இல்லையேம்மா" என்றார்.

கையை இறக்கி, மணிக்கட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தெருவில் பால்காரர் நின்றுகொண்டிருந்தார். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி பேசுகிற அந்தப் பழைய குரலில் ஹெட்மாஸ்டர் சொன்னது எங்களுக்கு உள்ளே கேட்டது.

"போய்க் கையை நீட்டுய்யா. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லை. அந்தப் பழத்துக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? திருட்டுத்தனமாத் தின்னது நான்."

என் மனைவி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் பக்கத்தில் போனேன். இரண்டும்தான்.

"பொய் சொல்றாரு" என்றாள்.

"ஆமா."

"நல்லா வலிச்சிருக்கும்ங்க."

பால்காரர் கேனை வாசலில் வைத்துவிட்டுக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்கு ஒரே குத்தில் எடுத்தாள். அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். எடுத்த ரத்தத்தையெல்லாம் நான்தான் லேப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் லேப்காரரே வந்து கூப்பிட்டார். நான் மறுபடியும் ஏணியில் ஏறினேன், பைகள் மறுபடியும் வீடு வீடாகப் போயின. ஒரு சட்டம் மட்டும் போட்டாள்: சர்க்கரை உள்ளவர்களுக்குப் பை கிடையாது. நேரில் வர வேண்டும், அவளே கால் பழம் நறுக்கிக் கொடுப்பாள், அவள் பார்க்கத் தின்றுவிட்டுப் போக வேண்டும். எங்கள் பின்வாசல் படியில் சாயங்காலமானால் தெருவின் சர்க்கரைக்காரர்களெல்லாம் கால் பழத்தை ராத்திரிவரை கடிக்கிற மாதிரி மெதுவாகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தெரு அரைக்கைச் சட்டைக்குத் திரும்பியது. ஹெட்மாஸ்டர் மட்டும் அந்த வெயிலில் இன்னும் இரண்டு வாரம் முழுக்கையில்தான் நடமாடினார். பொத்தானைக்கூட அவிழ்க்கவில்லை. "உங்களுக்கு மட்டும் என்ன சார்?" என்று படியில் வைத்துப் பால்காரர் கேட்டார்.

"வயசாயிடுச்சுய்யா. குளிருது" என்றார் ஹெட்மாஸ்டர். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

என் மனைவி நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். கூடையில் இருந்ததிலேயே பெரிய பழமாகப் பார்த்து எடுத்து, முழுசாக அவர் கையில் கொடுத்தாள்.