பாரிஜாதம் எழுதிய ஆறு சல்லடைகள்

பாரிஜாதத்தின் வேலை அனுமதித் தாளில் ஒரே ஒரு நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. லவாலில் உள்ள காப்புறுதி நிறுவனம். அதைத் தவிர கனடாவில் வேறெங்கும் அவள் வேலை பார்க்க முடியாது. அங்கேயும் ஒரே வேலைதான்: அவள் பிறப்பதற்கு முன்பே கோபோல் என்ற கணினி மொழியில் எழுதிவைத்த நிரல்களைப் பழுதுபார்ப்பது. அந்த மொழி தெரிந்த மற்ற இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். "யாருடி அந்தக் கோபாலு? எப்பப் பாரு அவன் பேச்சாவே இருக்கு" என்று விருதுநகரிலிருந்து அம்மா கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் மற்ற கணினி மொழிகளைத் தானே படிக்கத் தொடங்கினாள். வீடிருந்த லாசாலிலிருந்து லவாலுக்குப் பஸ், பிறகு இரண்டு மெட்ரோ. மடியில் கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மொழியிலும் ஒரே நிரலை எழுதுவாள்: பகா எண் சல்லடை. எண்களை வரிசையாக நிறுத்தி, இரண்டை விட்டு அதன் மடங்குகளை அடித்து, மூன்றை விட்டு அதன் மடங்குகளை அடித்துக்கொண்டே போனால், அடிபடாமல் மிஞ்சுபவை பகா எண்கள். பைத்தானில் பத்தே வரி. ஆனால் பத்துக் கோடி வரை கேட்டதும் நினைவகம் நிரம்பித் திணறியது. ஜாவாவில் ஒரு பெருக்கல் எல்லை மீறி, எண் எதிர்மறையாகிக் கவிழ்ந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டு சி, கோ, ரஸ்ட் என்று போனாள். எல்லாவற்றிலும் விடை 57,61,455. அது திரையில் வரும் நொடியில் நெஞ்சு லேசாகும். அதற்குள் இறங்க வேண்டிய நிலையம் வந்துவிடும்.

ஏப்ரலில் நிறுவனத்துக்குள்ளேயே ரஸ்ட் குழு ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். எழுதிய நிரல் எதையாவது காட்டச் சொன்னார்கள். ஐந்து சல்லடைகளையும் அனுப்பப் போனவளுக்கு ஒரு வீம்பு வந்தது. கோபோலிலும் ஒன்று எழுதினாள். எண்ணுக்கு எட்டு இலக்கம்தான் ஒதுக்கியிருந்தாள். அது பத்துக் கோடியைத் தொட முடியாமல் பூஜ்யத்துக்குத் திரும்பித் திரும்பி ஓடியது. ஒன்பதாக்கியதும் சரியாயிற்று. வேகத்தில் பைத்தானைக்கூட முந்தியது. ஆறையும் அனுப்பினாள்.

பிரிவுத் தலைவர் இரவிச்சந்திரன் அறைக்குக் கூப்பிட்டார். முப்பது வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்.

"பிள்ளை, உம்மட கோபோல் சல்லடையைப் பார்த்தனான். இப்பிடி எழுத இஞ்ச ஒருத்தரும் இல்லை."

"அது சும்மா செஞ்சது சார். ரஸ்ட்ல எழுதினதப் பாத்தீங்களா?"

"ஓம், அதுவும் நல்லாத்தான் கிடக்கு. ஆனா ரஸ்ட் தெரிஞ்ச பத்துப் பேர் விண்ணப்பிச்சிருக்கினம். கோபோலுக்கு நீர் மட்டும்தான். மேலிடம் உம்மை விடாதாம்."

"அந்த ஒண்ண நான் அனுப்பாம இருந்திருந்தா?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். "அனுமதியை இன்னும் மூண்டு வருசம் நீட்டித் தருவினமாம்" என்று ஒரு தாளை நகர்த்தினார். அதே நிறுவனம், அதே பதவி.

அவள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே வாகன நிறுத்தத்தில் அழுக்குப் பனி குவிந்திருந்தது. நிரந்தர வதிவிடம் கிடைத்தால் இந்தத் தாளே வேண்டாம். இந்த மாகாணத்தில் அதற்குப் பிரெஞ்சு வேண்டும். அதைப் படிக்க இத்தனை நாளும் நேரம் வாய்க்கவில்லை.

"வாரத்துக்கு ரெண்டு மத்தியானம் பிரெஞ்சு வகுப்புக்கு விடுங்க சார். அதையும் இதுலயே எழுதிக் குடுங்க. அப்பத்தான் கையெழுத்து."

இரவிச்சந்திரன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒரு மத்தியானம் எண்டா கேட்டுப் பாக்கிறன்."

ஒரு மத்தியானம்தான் கிடைத்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.