உப்பேரி குரைத்த மதியம்

"வடாம் திருடன் சௌக்கியமா?"

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்தியை வாசிக்கிற உங்களில் யாராவது ஒருவர் மாதாமாதம் இப்படிக் கேட்டு எழுதிவிடுவார். என் பக்கத்து வீட்டு நாயைத்தான். போன மாதம் வந்த கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன்.

அவன் இல்லை. போய்விட்டான். கூடவே பூனையும்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த மலையாள நாட்டுக் கரமனையில், எங்கள் தமிழ் அக்ரஹாரத் தெருவில் வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். முன்வாசல் தெருவில், கொல்லை ஆற்றுப் பக்கம். பக்கத்து வீட்டில் ராஜி. அரசாங்க ஆபீஸில் வேலை. கணவர் மஸ்கட்டில். ஒரே மகள் அஞ்சு, கொச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன் ஓணத்தன்று, மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் அஞ்சு தூக்கி வந்தாள். அன்றைக்கு இலையில் என்ன இருந்ததோ அதையே பெயராக வைத்தாள். நாய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல். பூனை சர்க்கரை.

உப்பேரிக்கும் எனக்கும் ஆகாது. மொட்டை மாடியில் நான் வடாம் பிழிந்து வைத்தால், சுவர் தாண்டி வந்து தின்றுவிட்டுப் போகும். அதைத் திட்டி இங்கே எத்தனை வாரம் எழுதியிருப்பேன்! நீங்களும் சிரித்தீர்கள். ராஜியும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளுக்கு போன் போட்டு இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுவது அவள் வழக்கம். அஞ்சு மலையாளம் மீடியம், தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. உப்பேரியைத் திட்டும் வரிகளை மட்டும் ராஜி விட்டுவிடுவாளாம். அஞ்சுவுக்குக் கோபம் வருமாம்.

சரி, பொங்காலைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள், அம்மனுக்காகப் பெண்கள் நடுத்தெருவில் செங்கல் அடுப்பு வைத்துப் பொங்கல் இடுவார்கள். கோயிலில் அடுப்பு பற்றவைத்ததும் ஊர் முழுக்கப் பற்றவைப்போம். ரோடு, சந்து, ஆபீஸ் வாசல் என்று ஓர் இடம் பாக்கி இருக்காது. பொங்கி இறக்கிய பிறகு, பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கும் வரை பானையோடு காத்திருக்க வேண்டும். அதற்கு மதியம் இரண்டு மணி தாண்டிவிடும். அதுவரை புகை, வெயில், மைக்கில் பாட்டு, கண்ணில் நீர்.

நான் முப்பது வருஷமாக இடுகிறேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. ராஜி இந்த வருஷம்தான் முதல் தடவை. அஞ்சுவுக்கு சீட் கிடைத்தால் இடுகிறேன் என்று வேண்டியிருந்தாள். ஆகவே அவளுக்கு நான்தான் குரு! என்ன அரிசி, எத்தனை செங்கல், எந்தத் திசை பார்த்து உட்காருவது... எல்லாம் என் உத்தரவு.

உப்பேரியைக் கொல்லையில் கட்டிப் போடுகிறேன் என்றாள். நான் விடவில்லை. போன வருஷம் கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. வெளியூர்ப் பெண்கள் பயந்து ஓடினார்கள். பானையில் வாய் வைத்தால் உன் வேண்டுதலே வீண் என்றேன். ராஜிக்கு மனசே இல்லை. கடைசியில் இரண்டையும் பின்னறைக்குள் விட்டு, தண்ணீர் வைத்து, கதவை வெளியே தாழ் போட்டாள். இன்வெர்ட்டர் இருக்கும் அறை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். அதில் என்ன ஆபத்து என்று யார் யோசித்தது?

எங்கள் இரண்டு பானையும் பொங்கியாயிற்று. மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு மணி இருக்கும். உப்பேரி குரைக்க ஆரம்பித்தது.

ராஜி எழுந்தாள்.

"மாமி, அவன் ஒரு மாதிரி குரைக்கறான், கேட்டேளா? ஒரு நிமிஷம் பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

"உக்காருடி. தீர்த்தம் வரதுக்கு முன்னாடி அடுப்பை விட்டுப் போனா வேண்டினதுக்கு அர்த்தமே இல்லை. கூட்டத்தைக் கண்டு குரைக்கறது."

இப்படி ஒரு விதி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அன்று தெருவில் எத்தனையோ பேர் எழுந்து போனார்கள், வந்தார்கள். பானைக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் இருந்தால் போதும். நானே இருந்தேனே! ஆனாலும் சொன்னேன். ஏன் என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னபடி ஒருத்தி கேட்கிறாள் என்கிற ருசி — வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுந்தாள். இந்தத் தடவை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையால் என்று நினைத்தேன்.

அப்புறம் குரைப்பு நின்றது.

"பாத்தியா, தூங்கிடுத்து," என்றேன்.

அவள் வீட்டுக் கொல்லைப் பக்கம் கறுப்பாகப் புகை ஏறியதை நான் பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் இருக்கலாம். வேறு எந்த நாளாக இருந்தாலும் தெருவே கத்தியிருக்கும். அன்று ஆயிரம் அடுப்புப் புகைக்கு நடுவில் அதுவும் ஒரு புகை. பின்பக்க ஓடு வெடித்து விழுந்த சத்தத்தில்தான் எல்லோரும் திரும்பினோம். ராஜி பானையைத் தாண்டி ஓடினாள். பானை கவிழ்ந்தது. தீர்த்தம் அப்போதும் வந்திருக்கவில்லை.

தீயணைப்பு வண்டி தெரு முனைக்கு மேல் வர முடியவில்லை. தரை முழுக்கச் செங்கல்லும் பானையும். அவர்கள் குழாயை இழுத்துக்கொண்டு அடுப்புகளுக்கு நடுவே ஓடி வருவதற்குள், தெருக் கோடியில் வாடகைக்கு இருக்கும் தென்காசிக் கொத்தனார் செல்லத்துரை ஆற்றுப் பக்கமாகப் போய், ஜன்னலைக் கடப்பாரையால் நெம்பி உள்ளே இறங்கினார். பெண்கள் பொங்கலுக்கு வைத்திருந்த தண்ணீரை எல்லாம் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள். இன்வெர்ட்டரில் பற்றிய தீயில் பின்னறையில் ஒரு பக்கமும் அதை ஒட்டிய சமையலறையும் போயின. முன்பக்கம் தப்பியது. என் வீட்டுச் சுவரில் ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான்.

செல்லத்துரை வெளியே வந்து ராஜியிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

"நெருப்பு படலக்கா. புகையிலதான் போயிருக்கு. பூனை பரண்ல கெடக்கு. நாயி கதவோரமா... கதவு பூரா பிறாண்டியிருக்குக்கா."

அந்தக் கதவை மறுநாள் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பார்த்தேன். கரி படிந்த பலகையில் கோடு கோடாக. அத்தனையும் கீழே, அவன் உயரத்துக்கு.

அஞ்சு முதல் ரயிலைப் பிடித்துத் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி, நேராகக் கொல்லைக்கு வந்தாள். கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் இரண்டு மண்மேடு. செல்லத்துரைதான் குழி வெட்டினார். நான் ஃப்ளாஸ்கில் காபியோடு நின்றுகொண்டிருந்தேன். அழுது முடித்துவிட்டுத்தான் அஞ்சு கேட்டாள்.

"அம்மா, அவன் குரைக்கலையா?"

ராஜி என் பக்கம் திரும்பவே இல்லை.

"கேக்கலைடி. மைக்கில பாட்டு. எனக்கு ஒண்ணுமே கேக்கலை."

அஞ்சு அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்குப் பிறகு அவள் ராஜியோடு சரியாகப் பேசவில்லை. மறுநாளே கொச்சிக்குப் போய்விட்டாள். 'அம்மாவுக்குப் பொங்காலைதான் பெரிசாக்கும்' என்று யாரிடமோ சொன்னாளாம். வாரா வாரம் உங்களிடம் இத்தனை வாயடிக்கிற நான், அந்தக் கொல்லையில் ஃப்ளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராஜி என்னை ஒரு சொல் கேட்கவில்லை. இன்றைக்கும் 'மாமி, பால் வாங்கட்டுமா?' என்றுதான் குரல் கொடுக்கிறாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன் என்று தோன்றுகிறது. திட்டு வாங்கியதே போதும் என்று இருந்திருப்பேன்.

மொட்டை மாடியில் வடாம் காய்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை.

அம்மாவின் போனை அஞ்சு இப்போது எடுப்பதில்லை; ஆனால் ஞாயிற்றுக்கிழமை எடு என்று நான் சொன்னால் எடுப்பாள். ராஜி, இதை நீயே அவளுக்கு வாசித்துக் காட்டு. நீ இரண்டு தடவை எழுந்தாய் என்கிற இடம் உட்பட. இந்த வாரம் ஒரு வரியையும் விட்டுவிடாதே.